மலைமேல் ஒரு தஞ்சாவூர்க் காசு: வெள்ளி நினைவு நாணயத்தை வாங்கவும் சோதிக்கவும் காக்கவும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் தீக்குச்சி லேசில் பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கசியும். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துவிடும். குன்னூரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து வரும் அந்த மாதங்களில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். அந்த ஈரத்துக்கு நடுவில்தான் 35 கிராம் வெள்ளி நாணயம் ஒன்றைப் பத்து வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயம் அது.

நான் நாணய வியாபாரி இல்லை. டீ பேக்டரியில் 31 வருடம் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இலையில் எவ்வளவு ஈரம், அறையில் எவ்வளவு ஈரம், மூட்டை கட்டும்போது தூளில் எவ்வளவு ஈரம் என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கம்தான் நாணயத்துக்கும் உதவியது. கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: நாணயத்தைத் தேய்க்காதீர்கள். எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள்.

எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது

என் அம்மா ஒரத்தநாடு பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்தவர். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது மழை நாளில் கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து தஞ்சாவூரைப் பற்றித்தான் பேசுவார். விஜயாலயன் முத்தரையரிடமிருந்து பிடித்த ஊர், ராஜராஜன் 1010-இல் கோயிலை முடித்த ஊர், ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிய பிறகும் சாகாமல் நாயக்கருக்கும் மராட்டியருக்கும் தலைநகராக நின்ற ஊர் என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அம்மாவுக்கு அது கோபுரம் தெரியும் ஊர், அவ்வளவுதான். அந்த ஊரை வெள்ளியில் அச்சடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பணம் கட்டிப் பதிவு செய்தேன்.

நம் ஊரில் "வெள்ளிக் காசு" என்றால் இரண்டு வகை. நகைக்கடையில் லட்சுமி, பிள்ளையார் படம் போட்டு விற்பது ஒன்று. அது நல்ல வெள்ளியாக இருக்கலாம், ஆனால் நாணயம் அல்ல, வில்லை. அரசு வெளியிடுவது மற்றொன்று. அதில் ஒரு பக்கம் அசோகச் சின்னமும் ரூபாய் மதிப்பும் கட்டாயம் இருக்கும். நினைவு நாணயம் என்று சொல்லி யாராவது கொடுத்தால் முதலில் சிங்கத்தைத் தேடுங்கள், பிறகு எண்ணைத் தேடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது வில்லைதான். அதற்கு வெள்ளி விலைக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது உலோகம். "வெள்ளி நாணயம்" என்று பெயர் இருந்தால் முழுக்க வெள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டு நினைவு நாணயங்கள் பலவற்றில் வெள்ளி பாதிதான்: 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. தஞ்சாவூர் நாணயம் அதைவிட உயர்ந்தது, 80 சதவீதம் வெள்ளி, 20 சதவீதம் செம்பு. எடை 35 கிராம், குறுக்களவு 44 மில்லிமீட்டர். ஆக, உள்ளே இருக்கும் வெள்ளி 28 கிராம். வாங்கும் அன்றைக்கு ஒரு கிராம் வெள்ளியின் விலையை 28-ஆல் பெருக்கிப் பாருங்கள். கேட்கிற விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கோயிலுக்காகவும் அச்சு வேலைக்காகவும் நீங்கள் கொடுப்பது. எனக்கு அந்த வித்தியாசம் உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தினால் வாங்காமல் இருப்பதே நல்லது. வெள்ளியை முதலீடாக வாங்க நினைப்பவருக்கு இது பொருள் இல்லை.

எந்த நாணயமானாலும் அதன் உலோகம், எடை, குறுக்களவு, ஓரத்தில் எத்தனை கோடுகள் என்பதெல்லாம் அரசிதழ் அறிவிப்பில் இருக்கும். வாங்குவதற்கு முன் அதை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். தஞ்சாவூரை வைத்திருப்பவர்கள் அடுத்த தலைநகரையும் பக்கத்தில் வைக்க ஆசைப்படுவது இயற்கை. அதற்கும் இதே வழிதான், அரசிதழில் உள்ள விவரம் முதலில், பணம் பிறகு.

நாணயச் சாலைகள் நினைவு நாணயங்களை இரண்டு தரத்தில் தருவது வழக்கம். யூ.என்.சி. என்பது புழக்கத்துக்குப் போகாத சாதாரண அச்சு. ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுப்பது. நாணயத்தின் தரை, அதாவது உருவம் இல்லாத வெற்றுப் பரப்பு, கண்ணாடி மாதிரி பளபளக்கும், உருவம் மட்டும் பனி படிந்தது போல வெண்மையாக நிற்கும். அழகு ப்ரூஃபில்தான். ஆனால் அதில் ஒரு கைரேகை விழுந்தால் ஆயுசுக்கும் தெரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, எடுத்து எடுத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, யூ.என்.சி. போதும் என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் நாணயச் சாலை நான்கு இடங்களில் இருக்கிறது. புழக்க நாணயங்களில் வருடத்துக்கு அருகில் பார்த்தால் மும்பைக்கு வைரம் போன்ற குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. மும்பையின் ப்ரூஃப் நாணயங்களில் 'எம்' என்ற எழுத்து வரும். சட்டைப் பையில் இருக்கும் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை வைத்தே இதைப் பழகிக்கொள்ளலாம். என் பேரன் ஒரு வாரத்தில் பழகிவிட்டான்.

நேரடியாக நாணயச் சாலையில் பதிவு செய்து வாங்குவதுதான் நிம்மதி. காத்திருக்க வேண்டும், சில சமயம் மாதக்கணக்கில். மலைக்கு வரும் தபால் மண்சரிவு நாட்களில் இன்னும் தாமதமாகும். பொட்டலம் வந்ததும் தபால்காரர் நிற்கும்போதே நான்கு மூலையும் பாருங்கள். நனைந்திருந்தால் அப்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

வேறு ஒருவரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால் சோதிக்காமல் வாங்காதீர்கள். எனக்கு இது பணம் கொடுத்துக் கற்ற பாடம். சமவெளியில் ஒரு ஊர்ச் சந்தையில் விக்டோரியா ராணி தலை போட்ட 1862 ஒரு ரூபாயை வாங்கினேன். எழுத்து சரி, கனம் சரி, தேய்மானம்கூடப் பழசு மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன், 11.6 கிராம். அந்தக் கால ரூபாய் 11.66 கிராம். சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தண்ணீரில் பார்த்தேன்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், மிகவும் எளிது. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன மின்தராசு வேண்டும், பொற்கொல்லர்கள் வைத்திருப்பது போல. நாணயத்தின் எடையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, கையால் பிடித்தபடி தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியில் தொடக் கூடாது, பக்கத்திலும் உரசக் கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வந்துவிடும்.

சுத்த வெள்ளிக்கு அது 10.49. செம்புக்கு 8.96. எண்பதுக்கு இருபது கலவைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10.14 வரும். அதாவது 35 கிராம் தஞ்சாவூர் நாணயம் தண்ணீரில் தொங்கும்போது தராசு 3.45-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து யாராவது செய்திருந்தால் 3.9-க்குப் போய்விடும். அந்த அரை கிராம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

என் சந்தை ரூபாய்க்கு 1.12 வந்திருக்க வேண்டும். 1.35 வந்தது. நூல் உரசுகிறதோ என்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே எண். வெள்ளி மாதிரி வெளுத்த ஏதோ மலிவான கலவை. அதை இன்னும் வைத்திருக்கிறேன், கற்றுக்கொள்ள வருபவர்களுக்குக் காட்ட.

இதற்காகப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் ப்ரூஃப் நாணயத்தை வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். நாணயச் சாலையிலிருந்து நேரே வந்ததற்குச் சோதனையே தேவையில்லை. கூட்டோடு விற்பவரிடம் வாங்கினால், அதே அளவுள்ள காலிக் கூடு ஒன்றைத் தனியாக எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள், கூட்டின் மேலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். ஒட்டவில்லை என்பதால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது, அதையும் நினைவில் வையுங்கள். தண்ணீரில் பார்க்கும் நாணயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். பாட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு நிற்கும். பெரியவர்கள் செய்வது போலத் தரையில் தட்டி ஓசை கேட்கும் வழக்கமும் வேண்டாம். ஓசை நன்றாகத்தான் வரும், ஓரம் நசுங்கிவிடும்.

இப்படித் தராசும் கையுமாக உட்காரும்போதெல்லாம் எனக்குப் பெரிய கோயில் கல்வெட்டு நினைவுக்கு வரும். "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னதை எல்லோரும் அறிவோம். அதற்குப் பிறகு வரும் பட்டியலைப் படித்தால் பிரமிப்பாக இருக்கும். ஒவ்வொரு பொற்பாத்திரமும் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று நிறை போட்டு எழுதியிருக்கிறது. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகள் பதித்த நகைகளை நிறுத்த கல்லுக்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்று பெயர். எடைக்கல்லுக்குக் கடவுள் பெயர் வைத்து, அந்தப் பெயரையும் சொல்லித்தான் எடையைச் சொல்கிறார்கள். அந்த ஊரின் நாணயத்தை நிறுக்காமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கையும் துணியும் விபூதியும்

நாணயம் வந்த அன்று அம்மாவிடம்தான் முதலில் கொடுத்தேன். கூட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். கோயிலின் மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினார். நான் எப்படித் தடுப்பேன்? அப்புறம் அது பூஜை அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. சாம்பிராணிப் புகை, சூடம், எண்ணெய் விளக்கு எல்லாம் பக்கத்தில். ஒரு வருடத்துக்குள் வெள்ளி மஞ்சள் பூத்தது, பிறகு விளிம்பு பழுப்பானது. கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், வீட்டு விளக்குகளோடு அந்த நாணயத்தையும் அம்மா விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். சாயங்காலம் நான் வந்ததும் சிரித்த முகத்தோடு எடுத்துக் காட்டினார்.

மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் போய்ப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். நாணயத்தைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், தரை முழுக்க வட்ட வட்டமாக முடி போன்ற கோடுகள். அச்சிலிருந்து வந்த புது நாணயத்தில் ஒளி ஒரு சக்கரம் போலச் சுழலும், சாய்க்கச் சாய்க்க ஆரக்கால்கள் ஓடும். உலோகம் அச்சுக்குள் பாய்ந்தபோது உண்டான நுண்ணிய வரிகளால் வருவது அந்த ஒளி. அது போயே போய்விட்டது. கோயிலின் மேல் தட்டுகளில் கூரான விளிம்பெல்லாம் மழுங்கி, சோப்பில் செய்தது போல இருந்தது. பளபளப்பு இருந்தது, உயிர் இல்லை. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

விபூதி, பல்பொடி, புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ் எல்லாம் ஒன்றுதான். வெள்ளி மென்மையான உலோகம். நாம் தேய்ப்பது அழுக்கை அல்ல, வெள்ளியின் மேல்தோலை. குத்துவிளக்குக்கு அது பரவாயில்லை, அதில் எடுக்க நிறைய இருக்கிறது. நாணயத்தின் உருவம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் நிற்கிறது.

வெள்ளி கறுப்பது துருப்பிடிப்பது அல்ல. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலம் ஆகிறது. முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. மெதுவாக, சீராக வந்த நிறம் நாணயத்துக்கு ஒரு குறை இல்லை. சேகரிப்பவர்கள் பலர் அதை விரும்பியே தேடுகிறார்கள். அதனால் மஞ்சள் பூத்தால் பதறாதீர்கள். சும்மா விடுங்கள்.

சும்மா விட முடியாதது இரண்டு: எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கிய பச்சை வழுவழுப்பு. இவற்றுக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை ஐந்து நிமிடம் போட்டு வைத்து, எடுத்து வேறு புது அசிட்டோனில் ஒரு முறை முக்கி, கடைசியில் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்போ கணப்போ எரியும் அறையில் அசிட்டோன் புட்டியைத் திறக்கவே கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். மலையில் நாம் கதவை மூடிக்கொண்டு நெருப்பின் பக்கத்தில் உட்காரும் பழக்கக்காரர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் வைத்துக் கறுப்பை எடுக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். தட்டு, டம்ளருக்குச் செய்யுங்கள். நாணயத்தில் கறுப்பு போகும், கூடவே உயிரும் போகும்.

பிடிக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கையைக் கழுவி நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும். கீழே மடித்த துண்டு ஒன்று விரித்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே பார்க்காதீர்கள், எச்சில் தெறித்த புள்ளி சில மாதம் கழித்துக் கறுத்து எழும்.

நாணயத்தை உருக்கி வேறு ஏதாவது செய்யலாமா என்று ஒருவர் கேட்டார், கொலுசுக்காக. கூடாது. 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம்.

ஈரத்தோடு குடித்தனம்

இப்போது மலைக்காரர்களுக்கான முக்கியமான பகுதி. பேக்டரியில் இலையைப் புளிக்க வைக்கும் அறையில் ஈரம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஈரம் அளக்கும் இரட்டை வெப்பமானியில் டிரை பல்பும் வெட் பல்பும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால் எங்களுக்கு மகிழ்ச்சி. கார்த்திகை மாதத்தில் என் படுக்கையறையும் அதே எண்ணைத்தான் காட்டுகிறது. ஆனால் முடிந்த தூளை மூட்டை கட்டும்போது அதில் மூன்று சதவீத ஈரம்தான் இருக்கும். நாணயத்தை நான் தேயிலைத் தூளாக நினைக்கிறேன். வெளியே என்ன மழை பெய்தாலும் அதன் அறை தனி அறை.

அந்த அறையைச் செய்வது செலவில்லாத வேலை. இறுக மூடும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அது பாலிபுரோபிலீன். 3 என்றால் வேண்டாம், அது பி.வி.சி. பழைய நாணய ஆல்பங்களின் வளையும் பைகள் பெரும்பாலும் பி.வி.சி.தான். பச்சை வழுவழுப்பு அதிலிருந்துதான் வரும். முகர்ந்தால் புது மழைக்கோட்டு வாசம் அடிக்கும்.

நாணயம் முதலில் தன் அளவுக்கான கடினமான அக்ரிலிக் கூட்டுக்குள் போக வேண்டும். தஞ்சாவூருக்கு 44 மில்லிமீட்டர் கூடு. 45 வாங்கினால் உள்ளே ஆடி ஓரம் உரசும். கூடு டப்பாவுக்குள், டப்பாவில் ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல் ஒரு துணிப்பையில், பக்கத்தில் ஒரு சின்ன ஈரமானி. என் டப்பாவுக்குள் நாற்பதைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுவேன். நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள், ஆரஞ்சிலிருந்து பச்சைக்குப் போவது நல்லது. நீலத்திலிருந்து ரோஸுக்குப் போவதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஈரம் குடித்த ஜெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டியில் சிறுதீயில் வைத்துக் கிளறினால் பழைய நிறம் திரும்பும். ஆறியபிறகு உடனே டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இந்த வேலை உண்டு. மாசியிலிருந்து சித்திரை வரை ஜெல்லைத் தொடவே தேவை இருக்காது.

டப்பாவை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கம்பளித் துணி அடுக்கிய பீரோ பாதுகாப்பு என்று நினைப்போம். கம்பளி ஆட்டு முடி, முடியில் கந்தகம் இருக்கிறது. ஸ்வெட்டருக்கு நடுவில் சுருட்டி வைத்த வெள்ளி மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் கறுக்கும். ரப்பர் பேண்டும் அப்படித்தான், சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். பூண்டு இன்னொன்று. எங்கள் பக்கத்தில் அறுவடையானதும் பூண்டுக் கட்டுகளைப் பரணில் தொங்க விடுவோம், அந்த வாசமே கந்தகம்தான். என் மைத்துனர் பூண்டுப் பரணுக்குக் கீழே மர அலமாரியில் வெள்ளித் தட்டு வைத்திருந்தார், ஒரே பருவத்தில் கரிச்சட்டி ஆனது. வெந்நீர் பாய்லர், கணப்பு, பூஜை அறை, சமையலறை இந்த நான்கிலிருந்தும் தள்ளி, தரையைத் தொடாமல், வெளிச்சுவரை ஒட்டாமல் ஓர் இடம் பாருங்கள். வெளிச்சுவர் மழையில் ஊறும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். புது பிளைவுட் அலமாரியில் பசை வாசம் போகும் வரை வைக்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். நகைக்கடை ரோஸ் தாளிலும் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் ஒட்டும்.

வங்கி லாக்கர் நல்லதுதான், திருட்டுக்கு. ஈரத்துக்கு அல்ல. அங்கேயும் டப்பா, ஜெல் இரண்டும் உள்ளே போக வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

மார்கழி, தை உறைபனி நாட்களுக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து கணப்பு எரியும் அறைக்குள் வந்தால் மூக்குக் கண்ணாடி பட்டென்று பூத்துக்கொள்ளும் அல்லவா? குளிர்ந்த அறையில் இருந்த நாணயத்தைச் சூடான அறைக்குக் கொண்டு வந்து உடனே திறந்தால் அதன் மேலும் அப்படியேதான் நீர் பூக்கும். கண்ணாடியைத் துடைத்துவிடலாம், நாணயத்தைத் துடைக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். விருந்தாளிக்குக் காட்ட வேண்டுமென்றால் டப்பாவை மூடியபடியே அறைக்குள் கொண்டு வந்து ஒரு மணி நேரம் வையுங்கள். டீ குடித்து முடியட்டும். அப்புறம் திறங்கள்.

படம் எடுப்பதற்கு மட்டும் எங்கள் மூடுபனி உதவி செய்கிறது. காலை பத்து மணிக்குப் பனி மூடிய ஜன்னல் தரும் வெளிச்சத்தில் நிழலும் இல்லை, கண் கூசும் புள்ளியும் இல்லை. நாணயத்தைச் சாம்பல் நிறத் தாளின் மேல் வைத்து, ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி செல்போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ப்ரூஃபாக இருந்தால் எதிரில் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்தால் தரை கறுப்பாகவும் கோயில் வெள்ளையாகவும் விழும். வருடத்துக்கு ஒரு படம், அதே ஜன்னல், அதே மாதம். நிறம் எப்படி மாறுகிறது என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டப்பாவுக்குள் கடைசியாக ஒரு காகிதமும் வைப்பேன். நாணயத்தை ஒட்டி அல்ல, மூடியின் உட்பக்கம் ஒரு உறையில், பென்சிலால் எழுதி. மை ஈரத்தில் ஊறும். வாங்கிய நாள், கொடுத்த விலை, எடை, தண்ணீரில் வந்த எண், ஜெல் மாற்றிய தேதிகள், நாணயத்துக்கு நடந்ததெல்லாம் அதில் வரிசையாக இருக்க வேண்டும். நாளைக்கு அது யார் கைக்குப் போனாலும் அதன் சரித்திரம் கூடவே போகும். என் முதல் தஞ்சாவூர் நாணயத்தின் உறையில் நான்காவது வரி இப்படி இருக்கிறது: "கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் அம்மா விபூதி போட்டுத் தேய்த்தது." பின்னால் வாங்கிய இரண்டாவது நாணயம் கூட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. யாராவது தஞ்சாவூரைக் காட்டுங்கள் என்று கேட்டு வந்தால் நான் எடுத்து வருவது முதல் நாணயத்தைத்தான்.